மரம் வெட்டவும் மானியம்!

மரம் நடுவதற்குப் பணம் கொடுத்தால் பாராட்டுவீர்கள். வெட்டுவதற்குக் கொடுத்தால்? கோபப்படுவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள வில்லமெட் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் பரந்த புல்வெளிகள் இருந்தன. கலப்பூயா பழங்குடியினர் அவ்வப்போது தீயிட்டு அவற்றைப் பேணினர். பின்னர் குடியேறிகளின் ஏர் வந்தது, தீ நின்றது, எஞ்சிய புல்வெளியிலும் ஊசியிலை மரங்கள் வளர்ந்து நிழல் பரப்பின. மேட்டுப் புல்வெளியில் இன்று நூற்றுக்கு ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அங்கு வாழும் ஃபெண்டர் நீல வண்ணத்துப்பூச்சி 1937-க்குப் பின் கண்ணில் படவேயில்லை. 1989-இல்தான் மீண்டும் அகப்பட்டது! அதன் புழுவுக்கு உணவு லூப்பின் செடி. லூப்பினுக்கோ நல்ல வெயில் வேண்டும்.

நிலம் பெரும்பாலும் தனியாருடையது. ஆகவே வட்டார மண்-நீர்ப் பாதுகாப்பு அமைப்புகள் சிலவும் மத்திய அரசும் உரிமையாளர்களுக்கு மானியம் தந்து, மரங்களை அகற்றவும் நாட்டுச் செடிகளை விதைக்கவும் உதவுகின்றன. தனியாருக்குப் பொதுப்பணமா என்று கேட்கலாம். பூச்சிக்கு வேலி தெரியாதே! 2023-இல் அது 'அழியும் நிலை'ப் பட்டியலிலிருந்து ஒரு படி மேலேறியது.

மானியம் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் விதைத்ததோடு பணம் நின்றுவிடக் கூடாது. களையெடுக்காவிட்டால் சில ஆண்டுகளிலேயே முட்புதர் மூடிக்கொள்ளும். தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஆண்டுதோறும் லூப்பினை எண்ணிப் பார்த்து, பராமரிப்புச் செலவாகக் கொடுக்கட்டும். எண்ணும் வேலையை அவ்வூர்ப் பள்ளி மாணவர்களே செய்யலாமே!