முதல்வர் தொகுதி என்னும் மயக்கம்: காங்கயத்தை முன்வைத்து

திருப்பூர் வட்டாரத்தில் தேர்தல் நெருங்கும் காலங்களில் தவறாமல் எழும் பேச்சு ஒன்றுண்டு. முதல்வராக வரப்போகிறவர் நம் பக்கத்துத் தொகுதி ஒன்றில் நின்று வென்றுவிட்டால் போதும்; சாலை, குடிநீர், சாயக்கழிவு, தொழிலாளர் குடியிருப்பு என அனைத்துக்கும் விடிவு தானாக வந்துவிடும் என்பதே அப்பேச்சு. பனியன் கம்பெனி முதலாளி இதைச் சொல்கிறார். அவரிடம் பணிபுரியும் கட்டிங் மாஸ்டரும் சொல்கிறார். இவ்விருவரும் ஒத்துப்போகும் விஷயங்கள் மிகச் சிலவே என்பதை இவ்வூரை அறிந்தோர் அறிவர். படித்தவர்களும் இப்போது இதனோடு சேர்ந்துகொண்டு, பிரிட்டிஷ் பிரதமர்களின் தொகுதிகளைப் பட்டியலிட்டு, ஃபிஞ்ச்லிக்கு ஒரு தாட்சர், செட்ஜ்ஃபீல்டுக்கு ஒரு பிளேர் கிடைத்ததைப்போல நமக்கும் ஒருவர் கிடைக்கவேண்டும் என்று வாதிடத் தொடங்கியிருக்கிறார்கள்.

இந்த ஆசையை நாம் மறுக்கிறோம். அது நிறைவேறாது என்பதனால் அன்று; ஒருமுறை நிறைவேறிவிட்டது என்பதனால்.

1991 ஜூன் மாதச் சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா இரண்டு தொகுதிகளில் நின்றார். ஒன்று பர்கூர், மற்றொன்று காங்கயம். அப்போது காங்கயம் பெரியார் மாவட்டத்தில் இருந்தது. திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009இல்தான். இரண்டிலும் அவர் வென்றார். ஜூன் 24ஆம் நாள் முதல்வராகப் பதவியேற்றார். ஆக, காங்கயம் முதல்வர் தொகுதியாயிற்று. எத்தனை காலம்? சட்டம் அனுமதித்த சில நாட்கள் மட்டுமே. இரண்டு இடங்களில் வென்றவர் குறித்த கெடுவுக்குள் ஒன்றை விட்டாக வேண்டும். அவர் பர்கூரை வைத்துக்கொண்டார், காங்கயத்தை விட்டார். அதே ஆண்டிலேயே இடைத்தேர்தல் வந்தது. அதில் ஆளுங்கட்சி நிறுத்திய ஆர்.எம்.வீரப்பன் வென்று அமைச்சருமானார். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்து, திரைப்படத் தயாரிப்பு வழியே அரசியலுக்கு வந்தவர் அவர். அவருடைய தகுதியைப் பற்றியதன்று நம் கேள்வி. ஒருவருக்கென அளித்த வாக்கு, அளித்தவர்களைக் கேளாமலே வேறொருவர் பெயருக்கு மாற்றி எழுதப்படும் பண்டமானது எங்ஙனம் என்பதே கேள்வி.

இடைத்தேர்தலில் மக்கள் மீண்டும் வாக்களித்தார்களே, அது அவர்களுடைய சம்மதமாகாதா எனக் கேட்பாருளர். புதிதாக அமைந்த பெரும்பான்மை அரசு ஆட்சிப்பீடத்தில் இருக்க, அந்த அரசின் கட்சிக்கு எதிராக ஒரே ஓர் ஊர் மட்டும் வாக்களிப்பதன் பொருள் என்ன? அடுத்த ஐந்தாண்டு எதிர்க்கட்சி உறுப்பினரோடு சென்னைக்கும் ஊருக்கும் அலைவது என்பதுதான். மாநிலம் முழுவதும் சுதந்திரமாகத் தேர்ந்த பிறகு, கைவிடப்பட்ட தொகுதி மட்டும் முடிவு தெரிந்த ஆட்டத்தில் மறுபடி இறக்கிவிடப்படுகிறது. இதனைச் சம்மதம் என்று அழைக்கும் துணிவு நமக்கில்லை.

பிரிட்டனை எடுத்துக்காட்டும் நண்பர்களுக்கு அந்நாட்டின் வரலாற்றிலிருந்தே ஒன்றை நினைவூட்டலாம். 1880ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் கிளாட்ஸ்டன் இரண்டு தொகுதிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒன்று ஸ்காட்லாந்தின் மிட்லோதியன், மற்றொன்று லீட்ஸ். லீட்ஸ் கம்பளி நெசவாலும் ஆடைத் தொழிலாலும் வளர்ந்த நகரம். புகைபோக்கிகளும், சாயமேறிய ஆறும், கூலித் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்தது. திருப்பூர்க்காரர் ஒருவர் அன்று அங்கே இறங்கியிருந்தால் வழி கேட்கவேண்டியிருந்திராது. கிளாட்ஸ்டன் மிட்லோதியனை வைத்துக்கொண்டார், பிரதமரானார். லீட்ஸ் என்னாயிற்று? அவருடைய மகன் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் அங்கே போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1886இல் மிட்லோதியன், லீத் என மீண்டும் இரண்டு. மீண்டும் ஒன்று கைவிடப்பட்டது. காங்கயத்தின் கதை அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே ஆங்கிலத்தில் நடந்து முடிந்த கதை. வேறுபாடு ஒன்றே: ஒரே தேர்தலில் ஒருவர் இரு தொகுதிகளில் நிற்பதை அந்நாடு பின்னர் சட்டத்தால் தடுத்துவிட்டது. நாம் அதனைச் சட்டத்திலேயே வைத்துக் காக்கிறோம்.

பிரிட்டனைப் புனிதமாக்குவதும் நம் நோக்கமன்று. சாலிஸ்பரி பிரபு 1902வரை மேலவையில் அமர்ந்தபடியே பிரதமராக இருந்தார். அவருக்குத் தொகுதி என்பதே இல்லை. 1963இல் பிரதமரான டக்ளஸ் ஹோம் தம் பிரபுப் பட்டத்தைத் துறந்தார். அதன்பின் ஏறத்தாழ இரண்டு வாரம் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாமலே பிரதமராக இருந்தார். கின்ராஸ் தொகுதியில் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்த கட்சி வேட்பாளர் விலகி வழிவிட, அங்கே நின்று வென்றார். நம் அண்ணாதுரை முதல்வராயிருந்தபோது சட்டமேலவை உறுப்பினர். இராஜாஜியும் 1952இல் அவ்வாறே. காமராசர் 1954இல் பதவியேற்ற பின் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வந்தார். ஆகவே, தலைவருக்கு இடம் தேடுவது எந்நாட்டுக்கும் புதிதன்று. குடியாத்தம் தான் தேர்ந்தவரைக் கடைசிவரை பெற்றது, காங்கயம் பெறவில்லை. நாம் குறிக்கும் கோடு அங்கேதான் விழுகிறது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தொடக்கத்தில் ஒருவர் எத்தனை தொகுதிகளில் நிற்கலாம் என வரம்பே வகுக்கவில்லை. 1985இல் என்.டி.ராமராவ் மூன்று தொகுதிகளில் நின்று மூன்றிலும் வென்று, இந்துப்பூரை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டார். 1996இல் திருத்தம் வந்தது. இரண்டுக்கு மேல் கூடாது என்றது. அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. சட்டமன்ற வேட்பாளரின் பிணைத்தொகையை 250 ரூபாயிலிருந்து 5000 ஆக உயர்த்தியது. அங்கீகாரம் பெறாத கட்சியினருக்கும் சுயேச்சைகளுக்கும் பத்து முன்மொழிவோர் வேண்டும் என்றது. அந்த ஆண்டில்தான் நம் பக்கத்து மொடக்குறிச்சியில் 1033 பேர் வேட்பாளர்களாக நின்றார்கள். குறைகளைக் கேட்பாரில்லை என்ற ஆத்திரத்தில் விவசாயிகள் எடுத்த வழி அது. வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சிடப்பட்டது, வாக்குப்பதிவே தள்ளிப்போயிற்று.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓர் ஊரில் ஆயிரம் பேர் நின்றது சனநாயகத்தைக் கேலி செய்வதாகக் கருதப்பட்டு, பணத்தாலும் கையெழுத்தாலும் வேலி போடப்பட்டது. ஒருவர் பல ஊர்களில் நிற்பதற்கோ இரண்டு என்னும் சலுகை எஞ்சியது. ஏழையின் விளையாட்டுக்கு இருபது மடங்கு விலை. தலைவரின் விளையாட்டுக்குச் சற்றே குறுகிய களம். அந்தக் களமும் போதாமல், 2001இல் ஜெயலலிதா நான்கு தொகுதிகளில் மனுத்தாக்கல் செய்தார். ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை ஆகிய அந்த நான்கிலும், தண்டனையைக் காரணம் காட்டியும் இரண்டு என்னும் வரம்பை மீறியதற்காகவும் அவை நிராகரிக்கப்பட்டன.

வாக்காளருக்குச் சட்டம் என்ன சொல்கிறது? ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் வாக்காளராகப் பதிந்துகொள்ளக் கூடாது. இரண்டு தொகுதிகளில் வாக்களித்தால் இரண்டு வாக்குகளுமே செல்லாதவை. திருப்பூரைவிட இதன் பொருளை நன்கறிந்த ஊர் தமிழகத்தில் இல்லை. தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வந்து ஓவர்லாக் தைப்பவர்கள், செக்கிங் பார்ப்பவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நிட்டிங் எந்திரத்தின் முன் நிற்பவர்கள் எனப் பாதி ஊர் வெளியூரார். அவர்களுடைய வீடு ஓரிடம், பிழைப்பு ஓரிடம். ஊரில் பெயர் இருந்தால் வாக்களிக்க இரண்டு நாள் சம்பளத்தை இழந்து பேருந்தில் நின்றுகொண்டு போகவேண்டும். இங்கே பெயரை மாற்றிக்கொண்டால் ஊரில் உள்ள குடும்ப அட்டைக்கும் உறவுக்கும் அந்நியராகிவிடுவோமோ என்ற அச்சம். இரண்டு ஊரில் உண்மையிலேயே வாழ்கிறவருக்கு ஒரு வாக்கு. இரண்டு ஊரிலும் வாழாதவர் இரண்டிலும் வேட்பாளராகலாம். இந்த அநீதியைச் சுட்டுவதற்குப் பெரிய அரசியல் கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை.

தொகுதி வளம் பெறும் என்னும் வாதத்துக்கு வருவோம். ஆண்டிபட்டியை எடுத்துக்கொள்வோம். 1984இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். அங்கே வென்றார், 1987இல் இறக்கும்வரை அது முதல்வர் தொகுதி. 2002இல் அங்கிருந்த உறுப்பினர் பதவி விலகி வழிவிட, இடைத்தேர்தலில் ஜெயலலிதா வென்றார். 2006வரை மீண்டும் முதல்வர் தொகுதி. இரண்டு முதல்வர்களைக் கண்ட தொகுதி தமிழகத்தில் அரிது. சில கட்டடங்களும் சாலைகளும் அங்கே வந்திருக்கும்; மறுக்கவில்லை. ஆனால் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கு வண்டியேறும் சனம் அந்தப் பக்கத்திலிருந்து வருவது நின்றதா? எந்தத் தேனும் பாலும் ஆண்டிபட்டியில் ஓடியதாகச் சொல்கிறார்களோ, அதைக் குடித்துவிட்டா அம்மக்கள் இங்கே பனியன் தைக்க வருகிறார்கள்?

நம் ஊரின் பெருந்துயரான நொய்யலுக்கு விடிவு எந்த வழியே வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். காங்கயம் வட்டத்து ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை திறக்கப்பட்டது. பாசனத்துக்கெனக் கட்டிய அணை சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் சாயக்கழிவைத் தேக்கும் குட்டையாயிற்று. முதல்வராகப் போகிறவருக்கு 1991இல் வாக்களித்த மண் இது என்பதை வாசகர்கள் மறந்துவிடலாகாது. அந்த நெருக்கம் ஆற்றைக் காக்கவில்லை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தைச் சேர்ந்த உழவர்கள் வழக்காடினார்கள். 2006இல் உயர் நீதிமன்றத்திலும் 2009இல் உச்ச நீதிமன்றத்திலும் தீர்ப்புகள் வந்தன. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாணையால் தொழிலாளர் பட்ட பாடு தனிக்கதை. அதை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும். ஆனால் சாயநீரைச் சுத்திகரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முறை இங்கே கட்டாயமானது வழக்காடிய உழவர்களால். வென்று சென்ற எந்தப் பெருந்தலைவராலும் அன்று.

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இந்த மனநிலை பழக்கமானதுதான். பரிசில் பெற்று வந்த பாணன் வறிய பாணனை வழியில் கண்டு, இன்ன வள்ளலிடம் போ, உன் வறுமை தீரும் என்று அனுப்பிவைப்பது ஆற்றுப்படை. இலக்கியமாக அதன் அழகு பெரிது. அரசியலாக அது ஆபத்தானது. அங்கே இரவலன் புரவலனைத் தேடிப் போகிறான். இங்கே தொகுதியே பாணனாகி, வள்ளல் வந்து நிற்கமாட்டாரா என வாசலைப் பார்த்திருக்கிறது. வரி கட்டுகிற ஊர், ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி ஈட்டித்தருகிற ஊர், தன் குடிநீரைப் பரிசிலாகக் கேட்பதில் நமக்கு உடன்பாடில்லை.

தலைவர்கள் தோற்றுவிட்டால் நிர்வாகம் என்னாவது, இரண்டாவது தொகுதி ஒரு காப்பீடுதானே என்பது எஞ்சியிருக்கும் வாதம். 1977இல் பிரதமராயிருந்த இந்திரா காந்தியை ரேபரேலி தோற்கடித்தது. 1980இல் அவர் ரேபரேலியோடு மேடக்கிலும் நின்றார். இரண்டிலும் வென்று, மேடக்கை வைத்துக்கொண்டார். காப்பீடு என்பதன் பொருள் இதுதான்: வாக்காளரின் தீர்ப்பு விபத்தாகக் கருதப்பட்டு, அதற்கு எதிராக எடுக்கப்படும் பாதுகாப்பு. 1967இல் முதல்வர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். வானம் இடிந்து விழவில்லை.

1996இல் பர்கூர் செய்ததைப் பாருங்கள். ஐந்தாண்டு ஆட்சியைக் கண்டு, எடைபோட்டு, முதல்வராயிருந்த ஜெயலலிதாவை அத்தொகுதி தோற்கடித்தது. முதல்வர் தொகுதி என்பதற்கு நாம் ஏற்கும் பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுவே: மாநிலம் முழுவதையும் ஆள்பவரை நேருக்கு நேர் வீட்டுக்கு அனுப்பும் உரிமை. அவ்வுரிமையைக் காங்கயத்துக்கும் மக்கள் 1991 ஜூனில் ஈட்டியிருந்தார்கள். அது அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. கோபித்துக்கொள்ளவும் அவர்களுக்கு ஆளில்லாமல் போயிற்று.

இரு தொகுதி முறையை ஒழிக்கவேண்டும், இல்லையேல் இடைத்தேர்தல் செலவுக்கென விலகுபவர் பணம் கட்டவேண்டும் எனத் தேர்தல் ஆணையம் 2004இல் பரிந்துரைத்தது. சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து இலட்சம் ரூபாய் என்றது. 2015இல் சட்ட ஆணையமும் ஒரே தொகுதி என்றது. 2023இல் உச்ச நீதிமன்றம், இது நாடாளுமன்றம் முடிவுசெய்யவேண்டிய கொள்கை எனக் கூறி வழக்கைத் தள்ளியது. ஐந்து இலட்சம் என்னும் தீர்வு நமக்கு உவப்பானதன்று. காங்கயம் இழந்தது அச்சுக்கூலியை அன்று. நாடாளுமன்றம் தன் தலைவர்களுக்கு எதிராகத் தானே சட்டமியற்றும் நாளை எதிர்பார்த்துக் கொண்டிருப்பதைவிட, அடுத்த தேர்தலில் நம் எட்டுத் தொகுதிகளில் எதிலேனும் ஒரு பெருந்தலைவர் மனுத்தாக்கல் செய்ய வரும்போது, அவர் வேறெங்கும் மனு அளித்திருக்கிறாரா, அளித்திருந்தால் எதை விடுவார் என்று வாக்குப்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்போம். வரவேற்புத் தோரணம் கட்டுவதற்கு முன்பாகவே கேட்போம்.