எண்ணிக்கையை மட்டும் கேட்காதீர்கள்



நம் தீவில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால், பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். இதற்குக் காரணம் உண்டு. 1988 முதல் இங்கே ரத்தப்போக்கோடு ஒரு காய்ச்சல் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. இன்ன நோய் என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். 1993இல் டிக்லிபூரில் அது பரவியபோது எடுத்த ரத்தத்தைச் சோதித்து, அது எலிக்காய்ச்சல் என்று உறுதிப்படுத்தியவர்கள் நம் டாலிகஞ்சில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி மையத்தினர். அந்தக் காய்ச்சலிலும், பிறகு வந்த டெங்குவிலும் ரத்தத் தட்டணுக்கள் குறைவதுண்டு. எண்ணிக்கை கேட்பது அப்படித்தான் நமக்குப் பழக்கமாயிற்று.

அந்தப் பழக்கத்தை எல்லா நோய்க்கும் கொண்டுபோகக் கூடாது என்பதை நான் என் தாய்மாமன் விஷயத்தில் கற்றேன்.

மாமாவுக்கு இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுவார். 2019இல் ஒருநாள் காலை டீ கிளாஸ் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. மாரடைப்பு என்று நினைத்துப் பதறினோம். அத்தை எடுத்துத் தந்த ஆஸ்பிரினை நான்தான் அவர் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது மூளையில் ரத்தக்கசிவு என்று தெரிந்தது. "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று டாக்டர் கேட்டார். "பிரஷர் மாத்திரை" என்று சொன்னேன். மற்றது பயத்தில் வாயில் வரவில்லை. அத்தை வந்து சொல்ல இரண்டு மணி நேரம் ஆயிற்று.

பிளேட்லெட் 1,90,000 என்று வந்தது. சாதாரணமாக 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்க வேண்டியது. ஆகவே கவலையில்லை என்று நினைத்தோம். ஆஸ்பிரின் விஷயம் தெரிந்ததும், "அப்படியானால் உடனே தட்டணு ஏற்றுங்கள்" என்று சத்தம் போட்டோம். டாக்டர் மறுத்தார். நான் அவரைத் தகாத வார்த்தை சொன்னேன். ஒன்பதாம் நாள் மாமா போய்விட்டார்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆஸ்பிரின் தட்டணுவின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வேலையை முடக்குகிறது. ஒரு தட்டணு ஏழு முதல் பத்து நாள் வாழும். ஆஸ்பிரின் பட்டது தன் ஆயுள் முழுதும் அப்படியே இருக்கும். எண்ணிப் பார்த்தால் ஆள் குறையவில்லை. வேலை மட்டும் நடக்கவில்லை.

அப்படியானால் புதிய தட்டணு ஏற்றினால் சரியாகிவிடுமே என்று உங்களுக்கும் தோன்றும். மருத்துவர்களுக்கும் தோன்றியது. நெதர்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளில் 60 மருத்துவமனைகளில், இத்தகைய மாத்திரை சாப்பிட்டு மூளையில் ரத்தம் கசிந்த 190 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. தட்டணு ஏற்றியவர்களே மற்றவர்களைவிட மோசமானார்கள். அந்த டாக்டர் மறுத்தது சரி. அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் விஷயம் வேறு. அதை மருத்துவர் முடிவு செய்வார்.

இன்று ஆய்வாளர்கள் தட்டணுவின் வேறு அடையாளங்களையும் பார்க்கிறார்கள். தட்டணு தூண்டப்பட்டதும் அதன் மேல் வெளிப்படும் பி-செலக்டின் என்ற புரதம், தட்டணுக்களின் சராசரிப் பருமன் ஆகியவற்றைக் கொண்டு, யாருக்குக் கசிவு பெருகும் என்று முன்கூட்டி அறிய முயல்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அவற்றை மட்டும் வைத்துச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் காலம் இன்னும் வரவில்லை. நம் கையில் இருப்பது அதைவிட எளிய காரியங்கள்.

முதலாவது, பக்கவாதம் போலத் தெரிந்தால் ஸ்கேன் எடுக்கும் முன் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா, கசிவா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அடைப்புக்கு மருந்தாவது கசிவுக்குக் கேடு. அதற்காக, டாக்டர் எழுதிக் கொடுத்துத் தினமும் சாப்பிடும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

இரண்டாவது, சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். பெரும்பாலும் கசிவு பெருகுவது முதல் சில மணி நேரத்தில்தான். நான் வீணாக்கிய இரண்டு மணி நேரத்தின் விலை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, ரத்த அழுத்தம். மூளையில் ரத்தம் கசிவதற்கு மிகப் பெரிய காரணம் அதுதான். பிளேட்லெட் எண்ணிக்கை மனப்பாடமாகத் தெரிந்த நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பிரஷர் எவ்வளவு என்று தெரியும்?

சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள். விமானத்திலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆபத்து வந்த பிறகு ஊருக்குக் கொண்டுபோய்க்கொள்ளலாம் என்ற எண்ணம் நமக்கு உதவாது. நம் சங்கம் பொங்கல் விழாவில் பட்டிமன்றத்தோடு ஒரு மேசை போட்டு, பிரஷர் பார்த்து, ஆளுக்கொரு அட்டை எழுதிக் கொடுத்தால் என்ன? எழுத நான் வருகிறேன். அந்த மேசையில் முதல் ஆளாக அத்தை உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.