மாளிகை யாருக்கு?

செண்பகத்தோப்பு மலையடிவாரத்திற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகிறவர்கள் அவ்வூரிலுள்ள திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்திருப்பார்கள். அரசருக்கென்று எழுந்த அம்மண்டபத்தில் பிற்காலத்தில் நீதிமன்றம் நடந்தது. 1636இல் எழும்பிய மதுரை மகாலிலும் 1970 வரை ஜில்லா கோர்ட்டு நடந்தது. "ஐயோ, ராஜா வீற்றிருந்த இடத்தில் குமாஸ்தாவா?" என்று சிலர் கண்ணீர் வடிக்கிறார்கள். அக்கண்ணீரில் நமக்குப் பங்கில்லை.

மதுரை மகாலின் பெரும்பகுதியை இடித்தது யார்? நாயக்கரின் பேரன் சொக்கநாதனே! மிச்சத்தைக் காத்தது எது? நேப்பியர் பிரபு கவர்னராயிருந்த 1866–72இல் அதைச் செப்பனிட்டு, பொதுக் காரியத்துக்கு விட்டதுதான்.

சீமையிலும் இதே கதைதான். அங்குள்ள பிரபுக்களின் கிராம மாளிகைகளில் முகப்பிலே அகன்ற படிக்கட்டு எஜமானனுக்கு. மறைவிலே குறுகிய படிக்கட்டு வேலைக்காரனுக்கு. உழைப்பவன் முகம் உண்பவன் கண்ணில் படக்கூடாதென்பதே அக்கட்டடக் கலையின் இரகசியம். நம்மவர்கள் தெருவைப் பிரித்துச் சாதித்ததை அவர்கள் சுவரை எழுப்பிச் சாதித்தார்கள், அவ்வளவே வித்தியாசம்.

நிற்க, 1894இல் வந்த மரண வரியும் இரண்டு மகாயுத்தங்களும் சேர்ந்து அப்பிரபுத்தனத்தை ஆட்டின. நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1955இல் ஏற்பட்ட ஒரு சங்கம் சில மாளிகைகளை எடுத்து, ஓய்வுபெற்றவர்களுக்குத் தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரித்தது. சுமார் 1800இல் ஜான் சோன் என்ற பேர்பெற்ற சிற்பி திருத்தியமைத்த அயின்ஹோ பார்க் அவற்றில் ஒன்று. ஒரே குடும்பம் முந்நூறு வருஷத்துக்குமேல் ஆண்ட வீட்டில் பல குடும்பங்கள் அடுப்பு மூட்டின. அதனால் அழகு செத்ததா? ஆள் இருந்ததால் அல்லவா கூரை நின்றது!

ஆனால் அச்சங்கம் 2003இல் கலைந்தது. மாளிகை கைமாறி, 2023 முதல் பணக்காரர்களுக்கு மேஜை நாற்காலி விற்கும் கடையாக இருக்கிறது. பொதுஜனங்களின் சொத்தாக்காவிட்டால், திறந்த கதவைப் பணம் மறுபடியும் பூட்டிவிடும் என்பதே இதில் நாம் கற்கவேண்டிய பாடம்.

எனவே நம் மகால்களை வெறும் வேடிக்கைப் பொருளாக்க வேண்டாம். சுண்ணாம்புச் சுவரைச் சிமெண்டு பூசி மூச்சடைக்காமல், சுண்ணாம்பாலேயே பழுதுபார்த்து, அங்கே வாசகசாலை வையுங்கள். கல் சுமந்தவன் சந்ததிக்கு அங்கே உட்கார உரிமையில்லையா? செண்பகத்தோப்புப் பளியர் வீட்டுக் குழந்தை அம்மண்டபத்தின் நடுவே அமர்ந்து புத்தகம் விரிக்கும் நாளே அந்த மகாலுக்குப் பெருமை என்போம்.