பூங்காச் சாப்பாடும் நம் கடைத்தெருவும்



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வேன் பேசிக்கொண்டு சென்னைப் பக்கம் உள்ள பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குப் போய்வருவது வழக்கமாகிவிட்டது. கடந்த கோடையில் நாமும் ஒரு நாள் கடைகளை அடைத்துவிட்டுக் குடும்பங்களோடு அப்படி ஒரு பூங்காவுக்குப் போய்வந்தோம். வீட்டுப் பெண்கள் விடியற்காலையிலேயே எழுந்து புளிசோறும் எலுமிச்சை சோறும் கிளறித் தூக்குகளில் கட்டி எடுத்து வந்தார்கள். வாசலில் நிறுத்திவிட்டார்கள். வெளி உணவுக்கு உள்ளே அனுமதி இல்லை. தூக்குகளை வேனிலேயே வைத்துவிட்டு உள்ளே போனோம்.

மதியம் பூங்கா உணவகத்தில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, ஆறிப்போன ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டோம். பக்கத்து மேசையில் சென்னைக் குடும்பம் ஒன்று. அந்த அம்மாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இதே சாப்பாடு நம்ம தெருமுனையில சூடா கிடைக்கும், பாதி விலைக்கு" என்றார். அவர் கணவர், "இங்க வேற என்ன வழி இருக்கு? சாப்பிடு" என்றார். அவர்களுடைய பிள்ளைகள் மட்டும் உருளைக்கிழங்கு வறுவலை மகிழ்ச்சியோடு தின்றுகொண்டிருந்தன. மாலையில் வேனுக்குத் திரும்பினால் எலுமிச்சை சோறு வெயிலில் வீணாகியிருந்தது. புளிசோறு மட்டும் தப்பியது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

பெருநகரத்திலிருந்து வருகிறவர்களைப் பூங்கா உணவகங்கள் திருப்திப்படுத்துகின்றனவா என்ற கேள்வி அன்று எழுந்தது. வயிறு நிறைகிறது, மனம் நிறையவில்லை என்பதே நம் கருத்து. "பூங்காவில் யார் என்ன சாப்பிட்டால் மளிகைக் கடைக்காரனுக்கு என்ன?" என்று உறுப்பினர்கள் கேட்கலாம். நமக்கும் அதில் பாடம் இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் பூங்காக்காரர்களின் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பூங்கா கண்ட வி.ஜி.பி. நிறுவனத்தாரும் நம்மைப் போன்ற வணிகர்களே. தவணை முறை வியாபாரத்தில் பெயர் எடுத்து வளர்ந்தவர்கள். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லா பூங்காவும் வந்துவிட்டது. இத்தகைய இடங்களில் உணவகம் நடத்துவது எளிதன்று. சனி, ஞாயிறுகளில் கூட்டம் அலைமோதும். செவ்வாய், புதன்களில் மேசைகள் காலியாகக் கிடக்கும். காலை முழுவதும் ராட்டினத்திலும் தண்ணீரிலும் ஆடியவர்கள் அத்தனை பேரும் ஒரு மணிக்கும் இரண்டரை மணிக்கும் இடையில் ஒரே சமயத்தில் பசியோடு வந்து நிற்பார்கள். அவ்வளவு பேருக்கும் அந்தந்த நேரத்தில் தாளித்து இறக்க முடியாது. ஆகவே மொத்தமாகச் செய்து சூட்டில் வைக்கக்கூடியதும், எண்ணெயில் போட்டு உடனே எடுக்கக்கூடியதும்தான் பட்டியலில் இடம்பெறும். வெளி உணவைத் தடுப்பதற்கும் அவர்கள் காரணம் சொல்கிறார்கள். குப்பை சேரும், கண்ணாடிப் பாட்டில் உடையும், கெட்டுப்போன உணவால் யாருக்காவது ஏதாவது ஆனால் பழி பூங்காவின் மேல் விழும் என்கிறார்கள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் இவற்றையெல்லாம் தாண்டி ஒரு காரணம் இருக்கிறது. பூங்காவுக்கு வருகிறவர் வருடத்துக்கு ஒரு முறை வருகிறவர். அவர் வருவது ராட்டினத்துக்காக; சோற்றுக்காக அல்ல. சாப்பாடு சுமாராக இருந்ததால் அடுத்த வருடம் பிள்ளைகளை அழைத்து வராமல் இருந்துவிடமாட்டார். அன்றைக்குப் பசித்தால் வேறு கடைக்கும் போக முடியாது. திரும்பி வருவாரோ என்ற கவலையும், எதிர்க்கடைக்குப் போய்விடுவாரோ என்ற பயமும் இல்லாத இடத்தில் ருசி எப்படி வரும்?

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் வணிகர்கள் அறிந்திருக்க வேண்டும். ஜம்மு காஷ்மீரிலிருந்து சென்ற திரையரங்கு வழக்கு ஒன்றில் 2023 ஜனவரி 3 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரையரங்கு உரிமையாளர் வெளி உணவைத் தடுக்கலாம். ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும். கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். உள்ளே விற்பதை வாங்குவதும் வாங்காததும் பார்வையாளரின் விருப்பம் என்றது நீதிமன்றம். மூன்று மணி நேரப் படத்துக்கு அது பொருந்தும். காலை முதல் மாலை வரை பிள்ளைகளோடு பூங்காவுக்குள் இருப்பவருக்குச் சாப்பாடு விருப்பமா, கட்டாயமா? அந்தச் சென்னைக்காரர் தம் மனைவியிடம் சொன்னதே அதற்குப் பதில்.

உலகப் புகழ் பெற்ற நிறுவனமும் இந்த விஷயத்தில் இடறியிருக்கிறது. நம் புதுச்சேரிக் குடும்பங்கள் பல குடியேறி வாழும் பாரிஸ் நகருக்குக் கிழக்கே, 1992 ஏப்ரலில் அமெரிக்க டிஸ்னி நிறுவனம் பெரிய பூங்கா ஒன்றைத் திறந்தது. அமெரிக்காவில் செய்தபடியே பூங்காவுக்குள் மது இல்லை என்றார்கள். சாப்பாட்டோடு திராட்சை மது அருந்திப் பழகிய பிரெஞ்சுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஐரோப்பியர் காலை உணவு அதிகம் சாப்பிடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தங்கும் விடுதிகளில் உணவுக்கூடங்களைச் சிறிதாகக் கட்டினார்கள். முடிவில் 350 பேர் உட்காரும் இடத்தில் 2,500 பேருக்குக் காலை உணவு பரிமாறத் திண்டாடினார்கள். அமெரிக்கர் நடந்துகொண்டே எப்போது வேண்டுமானாலும் கொறிப்பார். பிரெஞ்சுக்காரரோ பன்னிரண்டரை மணிக்கு உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ஆகவே மதியத்தில் வரிசை நீண்டது, மற்ற நேரத்தில் கடை காற்று வாங்கியது. 1993-ல் பூங்காவுக்குள்ளும் மது பரிமாற அனுமதித்து அந்நிறுவனம் இறங்கி வந்தது. மது நல்லதா கெட்டதா என்பது இங்கே பேச்சில்லை. எவ்வளவு பெரிய முதலாளியானாலும், வாடிக்கையாளர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் நட்டம்தான் என்பதே செய்தி.

இதற்கு எதிர்மறையான உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. குஜராத்தின் அகமதாபாத் நகரில் 1978-ல் 'விஷாலா' என்ற உணவகம் தொடங்கப்பட்டது. கிராமத்துக் குடிசை போன்ற அமைப்பு, விளக்கு வெளிச்சம், தரையில் உட்கார்ந்து சாப்பாடு, கம்பு ரொட்டி, வெண்ணெய், வெல்லம். கூடவே பழங்காலப் பாத்திரங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம். நகரத்தார் பணம் கொடுத்து, காத்திருந்து அங்கே சாப்பிடுகிறார்கள். தம் தெருமுனையில் கிடைப்பதையே வேறு இடத்தில் கூடுதல் விலைக்கு வாங்க யாருக்கும் மனம் வராது. தம் ஊரில் கிடைக்காதது, சூடாக, சுத்தமாகக் கிடைத்தால் விலையைப் பெரிதாக எண்ணமாட்டார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். சனி, ஞாயிறுகளில் சென்னை, பெங்களூர் கார்கள் புதுச்சேரியை நிறைக்கின்றன. நோணாங்குப்பம் படகுத் துறைக்குப் போகிறவர்களும், வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலையும் பாகூர் மூலநாதர் கோயிலையும் பார்க்கப் போகிறவர்களும் நம் பக்கம் வருகிறார்கள். நம் கடைத்தெருவில் நிறுத்தித் தண்ணீர் வாங்குகிறார்கள், டீ குடிக்கிறார்கள், பசித்தால் சாப்பிடவும் இடம் கேட்கிறார்கள். இவர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

மனம் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பூங்காக்காரர்களைக் குறை சொல்லும் நம்மிலும் சிலர், வண்டியின் பதிவெண்ணைப் பார்த்து விலை சொல்லும் பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். இருபது ரூபாய் அச்சிட்ட தண்ணீர்ப் பாட்டிலை வெளியூர்க்காரருக்கு முப்பது ரூபாய்க்குக் கொடுத்ததை நாமே கண்ணால் பார்த்தோம். அவர் சண்டை போடவில்லை. பாட்டிலையும் கடைப் பலகையையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார். பத்து ரூபாய் லாபத்துக்கு நம் கடைத்தெருவின் பெயர் எங்கெல்லாம் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓட்டல்களில் அப்படித்தானே வாங்குகிறார்கள் என்று சிலர் வாதாடுகிறார்கள். 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றம், ஓட்டலிலும் உணவகத்திலும் உட்கார இடம், பரிமாறும் சேவை எல்லாம் சேர்ந்திருப்பதால் தண்ணீர்ப் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது குற்றமாகாது என்றது. அந்தப் பாதுகாப்பு மளிகைக் கடைக்கும் பெட்டிக் கடைக்கும் கிடையாது. அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் எடையளவுச் சட்டப்படி குற்றமே. 2018 ஜனவரி முதல் ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஏற்ப இரண்டு விலை அச்சிடுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

அடுத்து எண்ணெய் விஷயம். ஓட்டல் வைத்திருப்பவர் வேறு, மளிகைக் கடைக்காரர் வேறு என்று ஒதுங்க முடியாது. நம் பகுதி ஓட்டல்களுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா நம்மிடமிருந்துதான் போகின்றன. சாப்பாட்டின் ருசியில் பாதி மளிகைக் கடையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் தீய கூட்டுப்பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு விதி. பெரிய சமையற்கூடங்களில் கழித்த எண்ணெயைத் தகர டின்னில் அடைத்து மலிவாகத் தருகிறேன் என்று யார் வந்தாலும் நம் உறுப்பினர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். அதில் வரும் லாபம் பிள்ளைகளின் வயிற்றைக் கெடுத்து வரும் லாபம்.

மூன்றாவது, சரக்கு. வெளியூர்க்காரர் கேட்பார் என்று ஃபிரைட் ரைஸ் பொட்டலமும் நூடுல்ஸும் அடுக்கி வைக்கிறோம். அவை அவர் வீட்டு வாசலிலேயே கிடைக்கும். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். நம் பகுதியில் விளைந்த அரிசி, செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய், வறுத்த மல்லாட்டை, கேழ்வரகு மாவு, கருவாடு, தாளிப்பு வடகம் ஆகியவற்றைச் சுத்தமாகப் பொட்டலம் கட்டி, எடையும் விலையும் நாளும் அச்சிட்டு முன்னால் வைத்தால் என்ன? வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், சீரகம் சேர்த்து வெயிலில் காய வைத்து நம் பெண்கள் உருட்டும் அந்த வடகம்தான், புதுச்சேரியிலிருந்து கப்பலேறி, பிரெஞ்சுச் சமையலில் 'வடுவான்' என்ற பெயரில் உயர்ந்த மசாலாவாக விலை போகிறது. நாமோ அதைப் பழைய டப்பாவில் போட்டுக் கடையின் மூலையில் வைத்திருக்கிறோம்.

ஆகவே நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று முடிவுகளை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் ஒரே விலை என்று ஒவ்வொரு கடையிலும் பலகை வைப்பது. கழித்த எண்ணெயை வாங்குவதில்லை, விற்பதில்லை என்று உறுதி எடுப்பது. நம் பகுதிச் சரக்குகளைத் தரம் பார்த்து, உணவுப் பாதுகாப்புப் பதிவோடு, ஒரே மாதிரிப் பொட்டலத்தில் விற்கச் சிறு குழு அமைப்பது. பெரிய பூங்காக்களும் விடுதிகளும் ஒப்பந்த முறையில் மொத்தமாகக் கொள்முதல் செய்கின்றன. தனித்தனியாக நின்றால் அந்தக் கதவு நமக்குத் திறக்காது. சேர்ந்து நின்று, ரசீது சரியாகப் போட்டு, சொன்ன நாளில் சொன்ன எடையைக் கொடுத்தால் நம் பகுதி உணவகங்களாவது முதலில் நம்மிடம் வரும்.

இதில் சிரமம் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. சனிக்கிழமை நாலு காசு கூடுதலாகப் பார்த்தால்தான் வட்டிக்காரருக்கும் மின்கட்டணத்துக்கும் சரிக்கட்ட முடியும் என்று சொல்லும் சிறுகடைக்காரர்களின் நிலைமை நமக்குத் தெரியும். ஆனால் பூங்காவுக்கு உயரமான மதிலும் ராட்டினமும் இருக்கின்றன. சோறு ஆறியிருந்தாலும் கூட்டம் வரும். நம் கடைக்கு மதில் கிடையாது, வாடிக்கையாளர் இரண்டு எட்டு வைத்தால் அடுத்த கடை. அவரை நிறுத்தி வைப்பது நம் நாணயமும் சரக்கின் தரமும் மட்டுமே.

அடுத்த கோடையில் நாமும் பூங்காவுக்குப் போவோம். பிள்ளைகள் விடமாட்டார்கள். தூக்கில் புளிசோறு மட்டும் கட்டிக்கொள்வோம், அது வேனில் கிடந்தாலும் கெடாது. அதற்குள் நம் கடைத்தெருவுக்கு வரும் வெளியூர்க் குடும்பம், "இங்க வேற வழி இல்ல" என்று சொல்லாமல், "திரும்பும்போதும் இங்கேயே நிறுத்துங்க" என்று டிரைவரிடம் சொல்லும் நிலையை உண்டாக்க வேண்டும். அது நம் கையில் இருக்கிறது.