தீர்ப்பு எவர் மொழியில்?

தொழிற்பிணக்கில் வழங்கப்பெறும் தீர்ப்பு இருதரப்பார்க்கும் உரியது. அதனை ஒருவர் தாமே படித்தறிய, மற்றவர் பிறர்வாய்க் கேட்டறிவது முறையாகுமா?

ஊத்துக்கோட்டையிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். அவருள் என்னிடம் தமிழ் பயின்றாரும் உளர். ஆலை கொடுத்த குற்றச்சாட்டு மடல் ஆங்கிலத்தில் இருக்க, அதனைப் படித்துப் பொருள் கூறுமாறு அவர்கள் வருவதுண்டு. தன் வேலையைப் பறிக்கும் சொல்லையே அறியாதவன் அதற்கு எவ்வாறு மறுமொழி எழுதுவான்?

1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம் இக்குறையை ஓரளவு உணர்ந்திருந்தது. 100 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் ஆலைகளில், பணிநெறிகளையும் ஒறுப்பு முறைகளையும் ஆங்கிலத்தோடு, பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் எழுதி வாயிலருகே வைக்கவேண்டும் என்றது. 21.11.2025-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்போ, நிலையாணைக் கடமையை 300 பேரும் அதற்கு மேலும் உள்ள ஆலைகளுக்கே வைத்தது. இடைப்பட்ட ஆலைகளை அது விட்டுவிட்டது. யாருடைய நலனுக்காக?

ஆயினும் ஒரு வழி அடைபடவில்லை. அதுவே நடுவர் முறை. 1956-இல் தொழிற்பிணக்குச் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற 10-அ பிரிவு, பிணக்கு தீர்ப்பாயத்திற்குச் செல்லுமுன் இருதரப்பாரும் எழுத்தால் உடன்பட்டுத் தாமே நடுவரைத் தேர்ந்துகொள்ள இடந்தந்தது. புதிய தொகுப்பும் அம்முறையைக் கைவிடவில்லை. தீர்ப்பாயத்தின் மொழி நம் கையில் இல்லை. நாமே எழுதும் உடன்படிக்கையின் மொழி நம் கையில் உள்ளது. உசாவலும் தீர்ப்பும் தமிழில் அமையவேண்டும் என்று அதில் ஒரு வரி சேர்ப்பதற்குத் தடை என்ன?

முதலாளி உடன்படவேண்டுமே என்பீர்கள். உண்மையே. ஊதிய உயர்வுக்கும் அவர் எளிதில் உடன்பட்டாரல்லர். ஒன்றுபட்டுக் கேட்டே பெற்றோம். மொழியையும் அவ்வாறே கேட்போம். 1918-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தவருள் ஒருவரான திரு.வி.க. தமிழாசிரியராய் இருந்தவர். தொழிலாளரிடை உரிமையுணர்வை அவர் தமிழிலன்றோ ஊட்டினார்?

நம் ஊர் எல்லையூர். தெலுங்கு பேசுவாரும் வடபுலத்தாரும் நம்மோடு உழைக்கின்றனர். நமக்குக் கேட்பதை அவர்க்கும் கேட்போம். தீர்ப்பின் படியொன்று அவரவர் மொழியில் அவரவர்க்குக் கிடைக்கட்டும். தாய்மொழியின் அருமை உணர்ந்தவன் பிறன் தாய்மொழியை இகழான்.

தொழிற்சங்கத்தாரே! அடுத்த உடன்படிக்கையில் அவ்வொரு வரியை விட்டுவிடாதீர். அதன் வரைவைத் தூய தமிழில் எழுதித் தரத் தமிழாசிரியராகிய யாம் அணியமாயிருக்கிறோம்.