துணை விளக்கு

சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்தரசியார் சென்ற கார்த்திகையில் ஒரு கவலையோடு நம் இல்லத்திற்கு வந்தார். அவருடைய மகன் அந்தமானுக்குப் புறப்பட ஏற்பாடு செய்திருந்தான். முன்பு ஹேவ்லாக் என்றும், 2018ஆம் ஆண்டு முதல் சுவராஜ் தீவு என்றும் வழங்கும் தீவில் காற்று உருளையைச் சுமந்து கடலில் மூழ்கும் ஸ்கூபா முக்குளிப்பை அவன் முன்பே கற்றிருந்தான். இம்முறை இரவில் மூழ்க எண்ணியிருந்தான்.

“விலையுயர்ந்த விளக்கு ஒன்று வாங்கிவிட்டான், தம்பி. பயிற்சியாளரோ துணைக்கு இன்னொன்றும் வேண்டும் என்கிறாராம். வீண் செலவு என்று இவன் சொல்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார் அம்மையார்.

கடலைக் காண்பதற்கே ஓர் இரவு முழுதும் ரயிலில் செல்ல வேண்டிய நாகபுரியில் வாழும் நாம், முக்குளிப்பை நேரில் அறியோம். ஆயினும் அறிந்தாரை விசாரித்தும், நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகின்றோம். நம் பிள்ளைகள் பலரும் இன்று முருதேசுவரத்தை அடுத்த நேத்ராணிக்கும், மால்வண் கடற்கரைக்கும், அந்தமானுக்கும் செல்வதால், இது ஒரு வீட்டின் கவலை மட்டும் அன்று.

வீட்டில் விளக்கு அணைந்தால் சுவரைத் தடவி நடந்துவிடலாம். இரவில், கடலுக்கடியில் தடவுவதற்குச் சுவர் இல்லை. ஆழத்தையும், எஞ்சியுள்ள காற்றின் அளவையும் காட்டும் மானிகளைப் பார்த்தே முக்குளிப்போர் மேலேற வேண்டும். அவை தெரியாமற்போனால் அச்சம் மேலிடும். அச்சத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து மேலேறுவோரின் நுரையீரல் கிழியக்கூடும். ஆகவே விளக்கு அணைவது சிறு விபத்து. அதனால் விளையும் கலக்கமே பெருவிபத்து. மேலே திறந்த நீர் இல்லாத குகைகளில் மூழ்குவோர் ஒவ்வொருவரும் மூன்று விளக்குகள் கொண்டு செல்வது இதனாலேயே. அவற்றுள் ஒன்று முதன்மை விளக்கு, மற்ற இரண்டும் துணை விளக்குகள்.

அப்படியானால் துணை விளக்கை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

கடைக்காரர் முதலில் கூறுவது ஒளியின் அளவு. அதில் மயங்க வேண்டுவதில்லை. துணை விளக்கிற்குச் சில நூறு லூமன் ஒளியே போதும். பரந்த ஒளியைவிடக் குவிந்த ஒளியே ஏற்றது. வடநாட்டில் தை மாதத்து மூடுபனியில் வண்டியின் பெருவிளக்கைப் போட்டால் எதிரே வெண்சுவர் எழுவதை அன்பர்கள் கண்டிருப்பார்கள். கலங்கிய நீரிலும் அப்படியே. நீரில் மிதக்கும் துகள்கள் பரந்த ஒளியைக் கண்ணுக்கே திருப்பியனுப்பும். குவிந்த ஒளி தொலைவில் உள்ள துணைவருக்குச் சைகை காட்டவும் உதவும். ஒளியால் பெரிய வட்டம் வரைந்தால் ‘நலம்’ என்று பொருள். விரைவாகப் பக்கவாட்டில் அசைத்தால் ‘உதவி வேண்டும்’ என்று பொருள். துணைவரின் கண்ணில் மட்டும் ஒளியைப் பாய்ச்சலாகாது.

அடுத்தது, ஸ்விட்ச். ஒரு முறை இயக்கினால் எரியவும், மறுமுறை இயக்கினால் அணையவும் வேண்டும். மின்னுதல், மங்குதல் எனப் பல வித்தைகள் செய்யும் விளக்கு, கைந்நடுங்கும் வேளையில் தொல்லையே தரும். விளக்கு சிறியதாய், மார்புப் பட்டையில் கொக்கியால் மாட்டத் தக்கதாய், எந்தக் கையாலும் எட்டத் தக்கதாய் இருக்க வேண்டும். பையின் அடியில் கிடக்கும் துணை விளக்கு துணையாகாது.

மூன்றாவது, மின்கலம். முதன்மை விளக்கு மின்னேற்றம் செய்யும் லித்தியம் கலத்தால் எரிவதாயின், துணை விளக்கு கடையில் கிடைக்கும் சாதாரண அல்கலைன் கலங்களால் எரிவது நன்று. மின்னேற்ற மறந்தாலும், மின்னேற்றும் கருவி பழுதானாலும் இரண்டும் ஒருங்கே அணைய மாட்டா. மேலும், லித்தியம் விளக்குகளுள் சில இறுதிவரை ஒரே ஒளியாய் எரிந்து திடீரென அணையும். அல்கலைன் பெரும்பாலும் மெல்ல மங்கி முன்னறிவிப்புத் தரும். பயணத்திற்குப் புதிய கலங்களை இடுக. திரும்பியதும் எடுத்துவிடுக, இல்லையேல் கசிந்து விளக்கைக் கெடுக்கும். விமானத்தில் செல்வோர் உதிரி லித்தியம் கலங்களைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு. வளையத்தில் ஒரு தலைமயிரோ, ஒரு மணலோ கிடந்தாலும் நீர் உள்ளே புகும். வளையம் ஒன்று உள்ளதைவிட இரண்டு உள்ள விளக்கே மேல். அதைத் துடைத்து, சிலிகோன் பசையை மெல்லியதாய்ப் பூச வேண்டும். கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் அலச வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையான ஒன்று உண்டு. துணை விளக்கு, மூழ்கலைத் தொடர்வதற்கு அன்று, திரும்புவதற்கு. முதல் விளக்கு அணைந்த கணமே அன்றைய மூழ்கல் முடிந்தது.

நாம் பணிபுரியும் இருப்புப்பாதைத் துறையிலும் இரவில் தண்டவாளத்தைக் காவல் சுற்றுபவர் கைவிளக்கோடு ஓசையெழுப்பும் வெடிகளையும் எடுத்துச் செல்கிறார். பிள்ளையிடம் இதைச் சொன்னோம். “மாமா, ரயில் வேறு, கடல் வேறு” என்று சிரித்தான். ஆயினும் தாயின் முகத்தைப் பார்த்துச் சிறு விளக்கொன்று வாங்கினான்.

தை பிறந்தபின் திரும்பி வந்து அவனே நடந்ததைச் சொன்னான். 12 மீட்டர் ஆழத்தில் பெரிய விளக்கு மினுக்கி அணைந்துவிட்டதாம். படகில் அதைத் திறந்து மூடியபோது வளையத்தில் மணல் ஒட்டியதை அவன் கவனிக்கவில்லை. மார்பைத் தடவி, சிறு விளக்கை எரியவிட்டு, பயிற்சியாளருக்குக் காட்டினான். எல்லாரும் திரும்பினர். 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கியபோது, பயிற்சியாளர் விளக்குகளை மறைக்கச் சொன்னார். கையை அசைத்த இடமெல்லாம் நுண்ணுயிர்கள் நீலப் பொறிகளாய் ஒளிர்ந்தனவாம்.

“பாதியில் முடிந்ததே என்று வருத்தந்தான், மாமா. ஆனால் அந்தச் சின்ன விளக்கு கையில் இருந்ததால்தான் இருட்டைப் பார்க்கத் தைரியம் வந்தது” என்றான்.

கடலுக்குச் செல்லும் பிள்ளைகளைத் தடுக்குமாறு நாம் எந்தத் தாய்க்கும் சொல்லோம். எவ்வளவு விலையில் விளக்கு வாங்கினாய் என்றும் கேட்க வேண்டா. “இரண்டாவது விளக்கை இன்று எரியவிட்டுப் பார்த்தாயா?” என்று புறப்படும் நாளில் ஒரு முறை கேளுங்கள். அது போதும்.