அவநம்பிக்கை அறிவின் அடையாளமன்று

 

சென்ற மாதம் ஓரிரவு, குடும்பத்தோடு உணவுக்கு அமர்ந்திருந்தேன். வழக்கம்போல் கைப்பேசிக்கு வந்திருந்த செய்திகளை ஒவ்வொன்றாக எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கோ ஒரு பள்ளிவாசலுக்கு நேர்ந்த இன்னல். எங்கோ ஓர் இளைஞனுக்கு மறுக்கப்பட்ட வேலை. எங்கோ ஒரு குடும்பத்திற்குக் கிடைக்காத வாடகை வீடு. வாசித்து முடித்துவிட்டு, "இனி நமக்கென்ன எதிர்காலம் இருக்கிறது?" என்று பெருமூச்சும் விட்டேன். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே கேட்டாள்: "அப்படியென்றால், நான் எதற்கு அத்தா இரவெல்லாம் கண் விழித்துப் படிக்கிறேன்?"

என்னால் பதில் கூற இயலவில்லை. அன்றிரவு அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே விளக்கை அணைத்துவிட்டு உறங்கப் போனாள். எந்தப் பகைவனும் என் வீட்டுக்குள் நுழைந்து அந்த விளக்கை அணைக்கவில்லை. அணைத்தது என் நாவு. இந்த வெட்கம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அறிவாளி வேடம் பூண்ட சோம்பல்

நம்மிடையே ஒரு விபரீதமான மதிப்பீடு வேரூன்றிவிட்டது. 'நிலைமை மோசம், இன்னும் மோசமாகும்' என்பவர் விவரமறிந்தவராகக் கருதப்படுகிறார். 'வழி பிறக்கும், முயன்று பார்ப்போம்' என்பவர் உலகமறியாத அப்பாவியாகிவிடுகிறார். திருமண விருந்துகளிலும், இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையிலும், சில வேளைகளில் ஜும்ஆ மிம்பரிலும்கூட இந்த விவரமறிந்தவர்களின் குரலே ஓங்கி ஒலிக்கிறது.

இக்குரலுக்குச் செலவு எதுவும் இல்லை. சமுதாயம் அழிந்துவிட்டது என்று சொன்னவரிடம், "அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று மறுநாள் எவரும் கேட்பதில்லை. முயல்வோம் என்றவரிடமோ உடனே ரசீதுப் புத்தகத்தை நீட்டுவார்கள். குழுவில் பெயர் சேர்ப்பார்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலையச் சொல்வார்கள். அவநம்பிக்கையின் கவர்ச்சி முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. எதுவும் நடக்காது என்று முடிவு கட்டிவிட்டால் எதையும் செய்ய வேண்டியதில்லை.

மக்கள் அழிந்துவிட்டனர் என்று சொல்லித் திரிபவனே அவர்களில் மிகவும் அழிந்தவன் என்ற கருத்தமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. பிறரை இழிவாக எண்ணி அவ்வாறு சொல்பவனையே இது கண்டிக்கிறது. மக்களின் நிலை கண்டு மனம் வருந்திச் சொல்பவனை அன்று என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் விளக்கம் தந்துள்ளார்கள். நம்முடையது உண்மையான வருத்தம்தான் என்றால் ஒரு கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டும்: அந்த வருத்தம் இதுவரை நம்மை எந்த வேலையைச் செய்ய வைத்திருக்கிறது?

அகழியருகே கேட்ட இரு குரல்கள்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு. குறைஷியரும் அவர்களுடைய நேச அணியினருமாக ஏறத்தாழ 10,000 பேர் மதீனாவை நோக்கித் திரண்டு வந்தனர். எதிர்த்து நிற்க முஸ்லிம்களிடம் இருந்தவர்கள் 3,000 பேரளவில்தான். ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி அகழி தோண்டப்பட்டது. கடுங்குளிர், கொடும்பசி. வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு மண் சுமந்தார்கள். தோண்டும் வழியில் எவராலும் உடைக்க முடியாத ஒரு பாறை குறுக்கிட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்களே குந்தாலியை வாங்கி அதன் மீது மும்முறை அடித்தார்கள். ஒவ்வோர் அடியிலும் ஷாம், பாரசீகம், யமன் ஆகியவற்றின் திறவுகோல்கள் தமக்குத் தரப்பட்டதாக நற்செய்தி கூறினார்கள்.

இதைக் கேட்டு நயவஞ்சகர்கள் நகைத்தார்கள். இயற்கைத் தேவைக்குக்கூட அச்சமின்றி வெளியே போக முடியாத நமக்குப் பேரரசர்களின் கருவூலங்களை வாக்களிக்கிறாரே என்று ஏளனம் செய்தார்கள். அவர்கள் சொன்ன தகவலில் பொய் எதுவும் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். முற்றுகை உண்மை, பசி உண்மை, அச்சமும் உண்மை. இன்றைய மொழியில் சொன்னால், அவர்கள் 'எதார்த்தவாதிகள்'. எனினும் திருமறையின் அஹ்ஸாப் அத்தியாயம் அவர்களை நோயுற்ற உள்ளத்தினரோடு சேர்த்தே பேசுகிறது. அவர்களில் ஒரு கூட்டத்தார், தங்கள் வீடுகள் பாதுகாப்பின்றிக் கிடக்கின்றன என்று சாக்குச் சொல்லிக் களத்தைவிட்டு நழுவ அனுமதி கேட்டதையும் அது அம்பலப்படுத்துகிறது. அதே படையைக் கண்ட இறைநம்பிக்கையாளர்களுக்கோ ஈமான் கூடியது என்கிறது.

இரு சாராரும் கண்டது ஒரே படையைத்தான். ஒரு சாரார் கையில் மண்வெட்டி இருந்தது. மறு சாரார் வாயில் சாக்குப்போக்கு இருந்தது. இஸ்லாம் கற்பிக்கும் நன்னம்பிக்கை இன்னதென்று அறிய விரும்புவோருக்கு இந்தக் காட்சியே போதும். நற்செய்தி சொன்ன நபியவர்கள் நிழலில் சாய்ந்தபடி அதைச் சொல்லவில்லை. குந்தாலியை ஓங்கியபடியே சொன்னார்கள்.

அதே முற்றுகையின்போது நடந்த இன்னொன்றையும் கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டும். உடன்படிக்கை செய்திருந்த பனூ குறைழா குலத்தார் வாக்கை முறித்துவிட்டதாக மதீனாவில் தகவல் பரவியது. உண்மை அறிந்து வர ஸஅத் பின் முஆத் (ரலி), ஸஅத் பின் உபாதா (ரலி) முதலானோரை நபியவர்கள் அனுப்பினார்கள். செய்தி பொய்யானால் மக்கள் முன்னிலையில் உரக்க அறிவிக்க வேண்டும். மெய்யானால் தமக்கு மட்டும் புரியும்படி குறிப்பாகச் சொல்ல வேண்டும். மக்களின் உள உறுதியைக் குலைத்துவிடக் கூடாது என்று அறிவுறுத்தியே அனுப்பினார்கள். செய்தி மெய்யாகவே இருந்தது. தூதர்களும் சொன்னபடியே குறிப்பால் உணர்த்தினார்கள்.

நாமோ இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கெட்ட செய்தி கிடைத்த அரை நிமிடத்தில், மெய்யா பொய்யா என்றுகூடப் பாராமல், பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். நம் ஊர்ப் பெண்ணொருத்தி நீதிபதித் தேர்வில் வென்றால் அதைச் சொல்ல நமக்கு ஒரு வாரம் பிடிக்கிறது.

கண்களை மூடிக்கொள்ளச் சொல்கிறீரா?

"அநீதி கண்முன்னே நடக்கும்போது புன்னகைத்துக்கொண்டிருக்கச் சொல்கிறீரா?" என்று சிலர் சினம் கொள்ளலாம். இல்லை, சகோதரர்களே. யஃகூப் (அலை) அவர்களைவிட அதிகம் அழுத தந்தை யார்? மகனைப் பிரிந்த துயரால் அவர்களின் கண்களே வெளுத்துப் போயின என்று திருமறை கூறுகிறது. அந்த அழுகையை இறைவன் எங்கும் கண்டிக்கவில்லை. அப்படி அழுத தந்தைதான் தம் மக்களை அழைத்து, யூஸுஃபையும் அவருடைய சகோதரரையும் தேடிச் செல்லுமாறும், இறையருளில் நம்பிக்கை இழக்க வேண்டாமென்றும் பணித்தார்கள். துயரம் வேறு, நிராசை வேறு. துயரம் கொண்டவர் தேட ஆள் அனுப்புகிறார். நிராசை கொண்டவர் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்போரிடமும் ஒரு சொல் கூற வேண்டும். "எல்லாவற்றையும் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது தவக்குல் ஆகாது. ஹிஜ்ரத்தை எண்ணிப் பாருங்கள். மதீனா வடக்கே இருக்க, நபியவர்கள் முதலில் தெற்கே உள்ள ஸவ்ர் குகைக்குச் சென்றார்கள். அபூபக்ர் (ரலி) முன்கூட்டியே இரண்டு ஒட்டகங்களைத் தயார் செய்திருந்தார்கள். அவர்களின் மகன் அப்துல்லாஹ் இரவுதோறும் மக்காவின் செய்திகளைக் கொண்டுவந்தார். ஆமிர் பின் ஃபுஹைரா ஆட்டு மந்தையை அவ்வழியே ஓட்டிவந்து பாலூட்டினார். வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது முஸ்லிமாகக்கூட இருக்கவில்லை. நம்பகமானவர், பாதை அறிந்தவர் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டார். இத்தனை ஏற்பாடுகளுக்கும் பிறகுதான், பகைவர் குகை வாயிலில் வந்து நின்றபோது, கவலை வேண்டாம், அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்ற ஆறுதல் பிறந்தது.

நம் முன்னோர் ஓய்ந்து அமரவில்லை

"அது நபியவர்களின் காலம்" என்று ஒதுக்குவோருக்காக, நம் பாட்டனார் காலத்திற்கு வருவோம். 1947இல் நாடு பிளவுபட்டது. நம்மில் வசதி படைத்தோர் பலர் எல்லை கடந்தனர். எஞ்சியோரின் நாட்டுப்பற்று சந்தேகத்துக்குள்ளாக்கப்பட்டது. எதிர்காலமே இல்லை என்று சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான காலம் இருந்திருக்க முடியாது. அக்காலத்தில்தான், 1948 மார்ச் 10ஆம் நாள், சென்னை ராஜாஜி மண்டபத்தில் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களும் அவர்களுடைய தோழர்களும் கூடி, இந்த மண்ணிலேயே, இந்நாட்டின் குடிமக்களாகத் தொடர்ந்து அரசியல் பணியாற்றுவதென முடிவெடுத்தார்கள்.

அடுத்து நடந்தவற்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1951இல் சென்னை இராயப்பேட்டையில் புதுக்கல்லூரி. அதே ஆண்டில் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி. 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி. அதே ஆண்டில் நீதிபதி பஷீர் அஹ்மது சயீத் அவர்களின் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி. 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி. பிரிவினையின் புண் ஆறாத ஒன்பதே ஆண்டுகளுக்குள் இவ்வளவும் எழுந்தன.

நாளை என்ன நடக்கும் என்று அவர்களுக்கும் தெரியாது. நிலம் கொடுத்த ராவுத்தருக்கும், பொருள் கொடுத்த மரைக்காயருக்கும் எந்த உத்தரவாதமும் இருக்கவில்லை. நம் பிள்ளைகள் படித்து என்ன ஆகப் போகிறது என்று அவர்கள் திண்ணையில் அமர்ந்துவிட்டிருந்தால், அக்கல்லூரிகளில் பயின்று அரசுப் பணிகளுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்ற எத்தனையோ குடும்பங்களின் கதை வேறாகியிருக்கும். இன்று அவநம்பிக்கை பேசும் நம்மில் பலர் அந்த வகுப்பறைகளில் அமர்ந்து படித்தவர்கள்தாம். அவர்களுடைய நம்பிக்கையின் விளைச்சலை உண்டு வளர்ந்துவிட்டு, நம் பிள்ளைகளுக்கு நிராசையைப் பரிமாறுவது நன்றிகெட்ட செயலாகும்.

இனி என்ன செய்வது?

சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் கல்வி உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டது. அச்செய்தியை நாம் அனைவரும் பகிர்ந்தோம், கண்டித்தோம். கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் நம் மஹல்லாவில் அதனால் பாதிக்கப்பட்ட மாணவர் எவரேனும் உண்டா என்று விசாரித்த ஜமாஅத்துகள் எத்தனை? தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குரிய சான்றிதழை உரிய காலத்தில் வாங்கித் தராமல், சேர்க்கை முடிந்தபின் புலம்பும் பெற்றோர் எத்தனை பேர்?

ஆகவே ஒரு சிறு நிபந்தனையை நமக்கு நாமே விதித்துக்கொள்வோம். ஒரு கெட்ட செய்தியைப் பகிரும் முன், அது தொடர்பாக ஒரு வேலையைச் செய்வோம். கல்வி பற்றிய செய்தியானால் ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுப்போம். வாக்குரிமை பற்றியதானால் நம் தெருவார் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் உள்ளனவா என்று பார்ப்போம். வழக்குப் பற்றியதானால் வழக்கறிஞருக்கான செலவில் நம் பங்கைக் கொடுப்போம். எதுவும் செய்ய இயலாவிட்டால், குறைந்தபட்சம் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் உணவு விரிப்பில் வாய் மூடியிருப்போம். மறுமை நாள் வந்துவிடும் தறுவாயிலும் கையில் உள்ள கன்றை நட்டுவிடச் சொன்ன நபியின் உம்மத் நாம்.

என் மகளுக்குத் தர வேண்டிய பதிலை மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் சொன்னேன். "நேற்று அத்தா சொன்னது தவறு. எதிர்காலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவன் அல்லாஹ் ஒருவன்தான். தெரியாத ஒன்றை இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. நீ படிம்மா." அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கு மேலும் அவள் அறையில் விளக்கு எரிந்தது.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளால் எங்கள் பிள்ளைகளின் விளக்குகள் அணைந்துவிடாமல் காப்பாயாக! நற்செய்தி சொல்லும் நாவையும், உழைக்கும் கையையும் எங்களுக்கு ஒருசேர அருள்வாயாக! ஆமீன்.